தொட்டித் தண்ணீர் குறித்து ஒரு விளக்கம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குடிநீர் வாரிய அலுவலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அவர் ‘விளக்கம்’தான். விளக்கம் வந்துட்டாரா, விளக்கம் டீ குடிக்கப் போயிருக்கார், எதுக்கும் விளக்கத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. குழாயில் தண்ணீர் வராத அன்று ஏன் வரவில்லை என்றும், வந்த அன்று ஏன் அந்த நிறத்தில் வந்தது என்றும் ஊருக்கும் பத்திரிகைகளுக்கும் விளக்கம் கொடுப்பது அவர் வேலை. செய்தித் தொடர்பு அதிகாரி என்று மேசைமேல் ஒரு பலகையும் உண்டு.

அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். ‘பழுப்பு’ என்ற சொல் அவர் பேனாவிலிருந்து ஒருமுறைகூட விழுந்ததில்லை. ‘இயல்பான நிற வேறுபாடு’ என்றுதான் எழுதுவார். நாற்றத்துக்குப் ‘பருவகால மணம்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒருமுறை யாரோ ஒரு வீட்டுக் குழாயிலிருந்து புழு விழுந்து, அதைப் பாட்டிலில் அடைத்து அலுவலகத்துக்கே கொண்டு வந்துவிட்டார்கள். “புழு உயிரோட இருக்கு பாருங்க. தண்ணில விஷம் இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?” என்று கேட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். வந்தவர்கள் படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகுதான் தாங்கள் தோற்றுவிட்டதை உணர்ந்தார்கள்.

வீட்டில் மட்டும் அவர் சரக்கு விலைபோகாது. மனைவி வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் வேலையில் இருந்தாள். சும்மா நின்றிருந்த காரின் மேல் விளக்குக் கம்பம் வந்து மோதிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் அவளுடைய இடது புருவம் தானாக மேலே ஏறும். அந்தப் புருவத்துக்கு எதிரே இருபது வருடமாகக் குடித்தனம் நடத்தியதே அவருடைய பெரிய சாதனை என்று மகள் சொல்வாள். மகள் கல்லூரியில் கணக்குப் பதிவியல் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் புருவம் அவளுக்கும் வந்திருந்தது.

அவருடைய நீண்ட சேவையைப் பாராட்டி வாரியத்தில் ஒரு விழா எடுத்தார்கள். சால்வை, மாலை எல்லாம் பழைய சமாசாரம் என்று நினைத்த இயக்குநர், ஒரு கண்ணாடி மீன் தொட்டியையும், பிளாஸ்டிக் பையில் ஐந்து தங்கமீன்களையும் மேடையிலேயே கொடுத்தார். “ஊருக்கே தண்ணி காட்டினவருக்கு நாம தண்ணியவே பரிசாத் தர்றோம்” என்றார். கூட்டம் ஏன் அப்படிச் சிரித்தது என்று இயக்குநருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அன்று சாயங்காலமே தொட்டி கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. குழாயைத் திறந்து நிரப்பினார், வடிகட்டியை மாட்டினார், பையைக் கவிழ்த்தார். மீன்கள் நீந்தின. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் பார்த்ததெல்லாம் தண்ணீரைப் பற்றிய காகிதங்கள்தான். தண்ணீருக்குள் ஏதோ ஒன்று சந்தோஷமாக இருப்பதை அவர் பார்த்ததே இல்லை. கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீனி போட்டார். அதைச் சாக்கிட்டே கூடத்தை அடிக்கடி தாண்டவும் ஆரம்பித்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் தண்ணீர் அரிசி களைந்தது மாதிரி ஆகிவிட்டது.

“என்னங்க, தொட்டி கலங்கிக் கெடக்கே” என்றாள் மனைவி.

“கலங்கல்னு சொல்லக் கூடாது. ஒளி ஊடுருவல்ல தற்காலிகமா ஒரு குறைவு.”

“மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதே?”

“என்னப் பாத்துதான். பாசம் புடிச்சிருச்சு.”

புருவம் ஏறியது. “மூச்சு முட்டுதுப்பா அதுங்களுக்கு” என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். “நீங்க போடற தீனி அடியில கெடந்து அழுகுது. அதுங்க கழிவும் அதுலதான். எல்லாம் சேந்து அம்மோனியா ஆகுது. புதுத் தொட்டில அதத் தின்னுற நல்ல கிருமி இன்னும் வளரல. தீனியக் கொறைங்க. தெனம் கால்வாசித் தண்ணிய மாத்துங்க.”

இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் ஒருவர் தண்ணீரைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. “எந்த ஆதாரமும் இல்லாம பீதியக் கெளப்பாதே” என்றார்.

மகள் ஆதாரம் வாங்கி வந்தாள். சின்னக் கண்ணாடிக் குழாய், இரண்டு சொட்டு மருந்து, ஒரு வண்ண அட்டை. மருந்து விட்ட தண்ணீர் மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து. தொட்டித் தண்ணீர் ஏறிய பச்சையை அட்டையின் கடைசிக் கட்டத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

அவர் அசரவில்லை. மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, யார் எடுத்தது, எடுத்தவருக்கு அதற்கான தகுதி உண்டா, சோதனை நடந்தபோது டியூப் லைட் எரிந்ததா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பிறகு, தொட்டித் தண்ணீர் குறித்து மூவர் குழு ஒன்று அமைப்பதாக அறிவித்தார். குழுவில் தான் தலைவர் என்றார். மனைவி தனக்குத் துணி மடிக்கிற வேலை இருப்பதாகச் சொல்லி அந்த நிமிடமே ராஜினாமா செய்தாள்.

மறுநாள் மாதிரியை அவரே எடுத்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக ஜொலித்தது. “பாத்தியா? அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளதான் இருக்கு” என்று மகளின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் ஒருமுறை மோந்து பார்த்தாள்.

“இது சமையலறைக் குழாய்ல புடிச்ச தண்ணிப்பா. குளோரின் வாடை தூக்குது.”

“தொட்டிக்கு வர்ற மூலத்துல எடுத்தேன். வாரியத்துல அதுதான் நடைமுறை.”

“மீன் இல்லாத எடத்துல போய் மீன் கழிவைத் தேடினீங்களாக்கும்” என்றாள் மனைவி.

அடுத்த நாள் காலை, வாலில் கறுப்புப் பொட்டு வைத்த மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

“இயற்கை மரணம்” என்று ஆரம்பித்தார். மனைவி புருவத்தைக்கூடத் தூக்காமல், “சரிங்க” என்றாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. கரண்டியால் மீனை எடுத்தார். அதற்கு எடையே இல்லாத மாதிரி இருந்தது. கண் திறந்தபடி அவரையே பார்த்தது. வேறு எவருடைய குழாயையாவது, எவருடைய புழுவையாவது பற்றி என்றால் பத்து வரி எழுதியிருப்பார். கரண்டியில் கிடந்த இதைப் பற்றி எழுத ஒரு வரியும் வரவில்லை. செம்பருத்திச் செடித் தொட்டியில் விரலால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு லீவு போட்டார். குற்ற உணர்வு வந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. தொட்டித் தண்ணீர் மொத்தத்தையும் கொட்டினார். கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். வடிகட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, பழுப்பாக ஒரு சொட்டும் வராத வரை பிழிந்து பிழிந்து அலசினார். சாயங்காலம் தொட்டி நகைக்கடைக் கண்ணாடி போல மின்னியது.

கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஸ்பாஞ்சையும் குழாய்லயா கழுவினீங்க?”

“பளபளன்னு இருக்குல்ல?”

“அய்யோ அப்பா! அந்தப் பழுப்புலதான் நல்ல கிருமியே இருந்துச்சு. இப்பதான் கொஞ்சமா வளர ஆரம்பிச்சிருக்கும். தொட்டில இருந்து எடுத்த தண்ணிலதான் அத லேசா அலசணும். குளோரின் பட்டா மொத்தமும் போச்சு. சுத்திகரிப்பு நிலையத்துல வேல பாக்குற எல்லாரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டு, கட்டடத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி பண்ணிட்டீங்களே.”

அவர் முகம் மாறியது. “போன வருஷம் நாங்க அதத்தானே பண்ணினோம்” என்றார் மெதுவாக. ஆட்குறைப்பு, புது வண்ணப்பூச்சு, திறப்பு விழா என எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுதியது அவர்தான். தண்ணீர் அதற்குப் பிறகுதான் நிறம் மாற ஆரம்பித்தது என்பதை அவர் இதுவரை ஒரே மூச்சில் நினைத்துப் பார்த்ததில்லை.

பளபளத் தொட்டியில் இன்னொரு மீன் போனது. மிச்சம் மூன்று. அவர் மகளிடம் சரணடைந்தார். தீனியைக் குறைத்தார். தினம் கால்வாசித் தண்ணீரை இறைத்தார். ஆனால் ஊற்றுகிற தண்ணீரில்தான் சிக்கல். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றினால் போதும் என்றாள் மகள். அந்த வாரம் பார்த்து எங்கோ பெரிய குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட, வாரியத்தில் குளோரினைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பொதுமக்கள் பயமின்றிப் பருகலாம்’ என்று அவர்தான் எழுதியிருந்தார். எழுதியவர் என்பதால் அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைக்குப் போய்க் கேன் தண்ணீர் வாங்கினார்.

தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன், கழுத்தில் வாரிய அடையாள அட்டை. இந்தக் கோலத்தில் படியேறியவரை மாடிவீட்டுக்காரர் பார்த்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அவர். வாரியத்துக்குப் புகார் எழுதி எழுதியே கையெழுத்து அழகானவர்.

“என்ன சார், நீங்களே கேன் தண்ணியா?” என்றபடி செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தால் தலை தப்பியிருக்கும். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்தபிறகு விளக்கம் கொடுக்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. “தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்களுக்கு இல்ல, மீனுக்கு. நாங்க குழாய்த் தண்ணிதான் குடிக்கிறோம். மீனுக்குத்தான் அது ஒத்துக்காது” என்றார்.

படம், அந்த வாசகத்தோடு, இருட்டுவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றி அவர் செல்போனுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவள் மனைவி, பக்கத்து அறையிலிருந்து.

காலையில் இயக்குநர் கூப்பிட்டார். அவர் மேசையிலும் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது, கடையில் வாங்கியது. “கேன் தண்ணி வாங்குறது தப்பில்லய்யா. நான் வாங்கலயா? ஊர் பாக்கப் படியில தூக்கிட்டுப் போகணுமா?”

“சார், ஒரு விளக்கம்…”

“நீ விளக்கினதுதான் பிரச்சினையே. உன் வீட்டுக்குப் பத்திரிகைக்காரங்களக் கூட்டிட்டு வர்றேன். கேமரா முன்னாடி அந்தத் தொட்டில நம்ம தண்ணிய ஊத்து. மீன் ஜம்முனு நீந்தட்டும். மீன் என்ன, வாயத் தொறந்து பேசவா போகுது?”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். நிருபர்கள் வருவதற்கு முதல் நாளே மகள் ஒரு வாளிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் திறந்து வைத்து, சொட்டு மருந்தும் விட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் தயாராக வைத்தாள். “இதுவும் குழாய்த் தண்ணிதான். பொய் இல்ல” என்றாள். இந்த அளவுக்கு உண்மையோடு அவர் எந்தப் பத்திரிகையாளர் சந்திப்புக்கும் போனதில்லை.

நிருபர்கள் வந்தார்கள். அழைக்காமலே மாடிவீட்டுக்காரரும் வந்து, கதவோரம் கைகட்டி நின்றார். இயக்குநர் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, வாரியத் தண்ணீரின் தரத்தைப் பற்றிப் பேசி முடித்து, “இப்போ நீங்களே பாருங்க” என்றார். விளக்கம் குனிந்து வாளியைத் தூக்கினார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றார் ஒரு பெண் நிருபர். “அது எப்போ புடிச்ச தண்ணி?”

“நேத்து…” என்றார் அவர்.

“நாங்க பாக்க, இப்போ புடிச்சு ஊத்துங்களேன்.”

“தாராளமா!” என்று இயக்குநரே எழுந்துவிட்டார். சமையலறைக்குள் நுழைந்து, வேறொரு வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்தார். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்த மாதிரி வாடை கூடம் வரை வந்தது. கேமராக்காரர் வரிசையாகத் தும்மினார். இயக்குநர் சிரித்த முகத்தோடு வாளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, காதோரம், “சட்டுனு ஊத்திட்டு வா” என்றார்.

அவர் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். தீனி போடுகிற ஆள் வந்துவிட்டான் என்று மூன்று மீனும் மேலே வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவர் கையைப் பார்த்து வாயைத் திறந்தன. அவருக்கு ஏனோ கரண்டியில் கிடந்த மீனின் ஞாபகம் வந்தது. வாளி கனத்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இத ஊத்தினா செத்துடும்” என்றார்.

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அதாவது, என்ன சொல்ல வர்றார்னா…” என்றார்.

“செத்துடும்னு சொல்ல வர்றேன் சார்.”

“அப்போ மனுஷங்க குடிக்கலாமா?” என்றார் அந்த நிருபர்.

பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். அனுமதிக்கப்பட்ட அளவு, பருவநிலை, ஒப்பீடு என்று எல்லாச் சொற்களும் வழக்கம்போல வரிசையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால், சமையலறை வாசலில், மனைவியின் புருவமும் நின்றது. “எங்க வீட்டுல காய்ச்சி ஆறவெச்சுத்தான் குடிக்கிறோம். இந்த வாரம் அதுவும் இல்ல, கேன் தண்ணிதான்” என்றார். வாளியைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற மாடிவீட்டுக்காரர் கைதட்டிவிட்டு, தான் ஒருவர் மட்டுமே தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் போனபிறகு, தன் வேலை போய்விடும் என்று அவர் மனைவியிடம் சொன்னார். “போனாப் போகுது” என்றாள் அவள். “நான் விசாரிச்ச கேஸ்ல, தானாவே வந்து உண்மையச் சொன்ன மொத ஆள் நீங்கதான்.” அவர் தோளில் ஒட்டியிருந்த தீனித் துகளைத் தட்டிவிட்டாள்.

வேலை போகவில்லை. வேறொன்று நடந்தது. மீன் சாகும் தண்ணீர் என்று செய்தி போனதும், தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க ஊரே மீன் வாங்கக் கிளம்பியது. மீன்கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. குழாயடிக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு மீன். மீன் செத்தால் படம். படத்தோடு வாரியத்துக்குப் புகார். வருடக்கணக்கில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதிய புகார்களெல்லாம் மூட்டையில் கிடந்தன. செத்த மீனின் படத்தை மட்டும் எவராலும் மூட்டை கட்ட முடியவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. பேச்சு மேலிடம் வரை போனது. மீன் புகாருக்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கி, புகார் வந்த தெருவுக்கு அன்றே ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. விளக்கத்துக்குத் தண்டனை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, இடத்தை நிரப்பிய மாதிரியும் ஆயிற்று: இயக்குநர் அவரைத் தூக்கி அந்தப் பிரிவில் உட்கார வைத்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு தொலைபேசி.

அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. மீன் வளர்க்கிறவர்களிடம் எதையும் பூசி மெழுக வேண்டியதில்லை. தண்ணியப் புடிச்சு ஒரு நாள் வைங்க, சொட்டு மருந்து விடுங்க, கால்வாசிக்கு மேல மாத்தாதீங்க, கிண்ணம் பத்தாது பெருசா ஒரு தொட்டி வாங்குங்க, ஸ்பாஞ்சைக் குழாய்ல கழுவிடாதீங்க, நான் கழுவிக் கெட்டேன். இப்படியே நாள் போகும். வீட்டிலும் மூன்று மீன்களும் தேறிவிட்டன. சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றது. மாதிரியை மகள்தான் எடுத்தாள், அவரை நம்பவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா கூப்பிட்டார். “எங்க தெருவுல பத்து நாளாத் தண்ணி காபி மாதிரி வருதுங்க. பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போகுது.”

“மீன் எப்படிம்மா இருக்கு?”

“மீனா? எங்க வீட்டுல மீனெல்லாம் இல்லீங்க. நாங்கதான் குடிக்கிறோம்.”

“அப்போ அது பொதுப் புகார்ப் பிரிவும்மா. மாடில…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மாடியில் அந்தத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்து, மணி அடிக்காதபடி மேசைமேல் தனியாக வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்தான் அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்தது.

பேனாவை எடுத்தார். “மீன் இருக்குன்னு சொல்லுங்கம்மா.”

“இல்லைங்களே…”

“இருக்கும்மா. தங்கமீன், ரெண்டு. மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, பாக்கவே சகிக்கல. சரிதானே? தெருப் பேரு சொல்லுங்க.”

அந்த அம்மா தெருவின் பெயரைச் சொன்னார். பிறகு தயங்கி, “பக்கத்து வீட்டுலயும் இதே தண்ணிதான் சார்” என்றார்.

“அவங்களுக்கும் ரெண்டு போட்டுக்கறேன்” என்றார் அவர்.